வேடமும் வேடத்துக்கு உரியோரும்

சிலப்பதிகாரத்தை நாடகக் காப்பியம் என்று சொல்லிப் பழகிவிட்டோம். அக்காப்பியத்துள் ஆடப்பெறும் ஆடல்களை யார் ஆடுகின்றனர், யாராக ஆடுகின்றனர் என்று எண்ணிப் பார்ப்பவர் நம்முள் சிலரே. இந்திர விழாவையொட்டி மாதவி ஆடிய பதினோராடல்களுள் கடையம் என்பது ஒன்று. இந்திரன் மனைவியாகிய அயிராணி, உழவர் மகளின் கோலம் பூண்டு வயலிடையே நின்று ஆடியதாகச் சொல்லப்படும் கூத்து அது. விண்ணுலகத்து அரசி வயற்பெண்ணாகிறாள். அவளாக நகரத்துக் கலைச்செல்வி மாதவி ஆகிறாள். மெய்யாகவே சேற்றில் இறங்கி நாற்றுமுடி சுமந்த ஒருத்தி அவ்வரங்கில் ஏறினாள் என்று அடிகள் கூறவில்லை.

ஆயின் அதே அடிகள் வேறிரு காட்சிகளையும் அமைத்திருக்கிறார். வேட்டுவ வரியில் எயினர் குலத்துக் குமரி ஒருத்திக்குக் கொற்றவைக் கோலம் புனைகின்றனர். பாலை நிலத்து வேட்டுவர் மகள் தெய்வமாக நிற்கிறாள். குன்றக் குரவையில் மலைக்குறவர் பிறர் எவராகவும் ஆடுவதில்லை. தம் மலையில், தம் முருகனுக்கு, தாமாகவே நின்று கைகோத்து ஆடுகின்றனர். வேங்கை நிழலில் நின்ற கண்ணகி விண்ணேறிய காட்சியைக் கண்டவர்களும், அதனைச் சேரன் செங்குட்டுவனுக்குச் சொன்னவர்களும் அவர்களே. ஆடுவோராகவும் சான்று பகர்வோராகவும் அக்குறவரைக் காப்பியம் மதித்தது.

மேலிருப்பவர் தாழ்ந்தவராக வேடம் புனைவது ஒரு வகை. தாழ்த்தி வைக்கப்பட்டவர் உயர்ந்த கோலம் ஏற்பது மற்றொரு வகை. தம்மைத் தாமே ஆடிக் காட்டுவது வேறொன்று. இம்மூன்றையும் மனத்திற்கொண்டு, நாம் குடியேறி வாழும் இவ்வெல்லைப்புறத்து அரங்குகளை நோக்குமிடத்துச் சில செய்திகள் புலப்படுகின்றன. அவற்றுள் மகிழ்ச்சி தருவன உண்டு. நாணம் தருவனவும் உண்டு.

கோவிந்தாபுரம், பொள்ளாச்சியிலிருந்து கொல்லங்கோட்டுக்குச் செல்லும் சாலையில் இரு மாநிலங்களும் ஒன்றையொன்று தொடும் இடத்தில் அமைந்த ஊர். சோதனைச்சாவடிக்கு இப்பால் கேரளம், அப்பால் கொங்கு நாடு என்று வரைபடம் சொல்லும். காதுக்கு அவ்வெல்லை புலப்படுவதில்லை. முதலமடை ஊராட்சியின் மாந்தோப்புகளிலும் தென்னந்தோப்புகளிலும் தமிழும் மலையாளமும் ஒருவர் வாயிலேயே மாறி மாறி வரும். தெலுங்கு கலந்து பேசும் வீடுகளும் உண்டு. அதே ஊராட்சியைச் சேர்ந்த பறம்பிக்குளம் காட்டில் காடரும் மலசரும் முதுவரும் வாழ்கின்றனர். கேரளத்துக்குரிய அக்காட்டுக்குச் சாலை வழியே செல்ல விரும்பும் கேரளத்தார் தமிழ்நாட்டுக்குள் புகுந்து சேத்துமடை வழியாகத்தான் செல்ல வேண்டியிருக்கிறது. 1956-இல் மாநில எல்லையை வகுத்தவர்கள் மலையையும் கேட்கவில்லை, மனிதரையும் கேட்கவில்லை போலும்.

இத்தனை மொழியும் இனமும் நெருங்கி வாழும் நிலத்தில் அரங்கக் கலைகளும் அவ்வாறே கலந்திருக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. பாத்திரங்களைப் பார்த்தால் அவ்வெதிர்பார்ப்பு வீண்போகவில்லை. நடிகர்களைப் பார்த்தால்தான் நமக்கு ஐயம் எழுகிறது.

முதலில் கண்யார்களியை எடுத்துக்கொள்வோம். சித்தூர், ஆலத்தூர் வட்டங்களில் பகவதி கோயில்களைச் சார்ந்து, விஷு கழிந்தபின் தொடர்ந்து சில இரவுகள் நடைபெறும் ஆடல் இது. ஒன்பது கால் பந்தல், நடுவே குத்துவிளக்கு, அதனைச் சுற்றி முதலில் வட்டக்களி. ஆடுவோர் பெரும்பாலும் அந்தந்தத் தேசத்து நாயர் குடும்பத்து ஆடவர். வட்டக்களியின் அடவுகளில் போர்ப்பயிற்சியின் மிடுக்குத் தெரியும். அதன்பின் வருவதே புறாட்டு. அதில் ஆடுவோர் குறவராகவும் மலையராகவும் செருமராகவும் இன்ன பிற குடிகளாகவும் வேடம் புனைந்து வருகின்றனர். ஊர் ஊராய்ச் செல்வோர், காட்டில் வாழ்வோர், வயலில் உழைப்போர் எனப் பழைய மலபாரின் வாழ்க்கை முழுதும் ஒரு பந்தலுக்குள் வந்துபோகிறது. மெதுவாகத் தொடங்கிய பாட்டு, நள்ளிரவு தாண்டியதும் காலும் கண்ணும் பின்தொடர முடியாத விரைவை அடையும். கலை என்னும் முறையில் அதன் அழகை மறுப்பதற்கில்லை.

தமிழர்க்கு அங்கே ஒரு தனி மகிழ்ச்சியும் காத்திருக்கிறது. புறாட்டுப் பாட்டுகள் பலவற்றில் தமிழ் வருகிறது. பிழைப்புக்காக மலை தாண்டி வந்தவன் அயலூர்ப் பந்தலில் தன் மொழி ஒலிக்கக் கேட்டால் உள்ளம் குளிராமல் இருக்குமா? நமக்கும் குளிர்ந்தது. பின்னரே அத்தமிழ் எவர் வாயில் வைக்கப்பட்டிருக்கிறது என்று எண்ணிப் பார்த்தோம். குறி சொல்லி வருபவனும், கூடை முடைந்து வருபவளும், ஊரின்றித் திரிபவனும் தமிழ் பேசுகின்றனர். பந்தலுக்கு உரிய தேசத்தார் பேசுவது மலையாளம். நம் மொழி அங்கே ஒரு வேடத்தின் பகுதி. தலைப்பாகையைப் போல, தோளில் தொங்கும் சாக்குப் பையைப் போல.

இதனைக் குற்றச்சாட்டாக மட்டும் கொள்ளுதல் கூடாது. அயலவர் சாயலை ஆண்டுதோறும் ஏற்றுத் தெய்வத்தின் முன் ஆடுவதில் ஒரு வகை வணக்கமும் உண்டு. குறவனின் நடையை இத்தனை நுட்பமாகப் பார்த்துவைத்தவன் அவனை முற்றிலும் இகழ்ந்திருக்க முடியாது. எனினும் நாயர் குறவனாக ஆடும் அவ்வரங்கில், குறவன் நாயராக ஆடும் இரவு ஒன்று வந்ததா என்று கேட்டால் விடை கிடைப்பதரிது. இது கடையத்தின் வழி. அயிராணி உழத்தியாகும் வழி. எயினர் மகள் கொற்றவையாகும் வழி அன்று.

அதே பாலக்காட்டு மண்ணில் பொறாட்டு நாடகம் என்று வேறொரு கூத்து உண்டு. பாங்களி என்றும் அதனை வழங்குவர். அறுவடை முடிந்த வயல்களில், கோயில் விழாக்களில், பாணர் குடியினர் நடத்துவது. அங்கும் பாத்திரங்களுக்குச் சாதிப் பெயர்களே பெயர்: குறவன் குறத்தி, செருமன் செருமி, துணி வெளுக்கும் மன்னான் மன்னாத்தி. தாசியும் வருவாள். பெண் வேடங்களையும் ஆடவரே தாங்குவர். பாட்டிலும் பேச்சிலும் தமிழும் மலையாளமும் பின்னிக் கிடக்கும். வந்த பாத்திரத்தை நிறுத்தி, நீ யார், எவ்வூர், ஏன் வந்தாய் என்று கேட்டுக்கொண்டே இருக்கும் வினாக்காரன் ஒருவன் மேடையில் உண்டு. நாடகத்தின் உயிரே அவன்தான்.

பாத்திரங்கள் ஒன்றேயாயினும் இங்கே சிரிப்பின் திசை வேறு. ஆடுபவனும் ஊருக்கு ஒதுக்குப்புறத்தில் வைக்கப்பட்டவன், ஆடப்படுபவனும் அத்தகையவன். வினாக்காரனின் குரலில் நாம் கேட்பது ஊர்ப் பெரியவர்களின் குரல், அதிகாரத்தின் குரல். மன்னாத்தி அவனுக்கு எதிர்மொழி கூறும்போது கூட்டம் சிரிக்கிறது. அச்சிரிப்பு மன்னாத்தியை நோக்கியது அன்று, கேட்டவனை நோக்கியது. புறாட்டையும் பொறாட்டையும் அடுத்தடுத்து வைத்து நோக்கும் திறனாய்வாளன், ஒரே வேடம் புனைபவரின் பிறப்பையொட்டி வேறு பொருள் கொள்வதைக் காண்பான். நாடக நூல்கள் பாத்திர அமைப்பைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசுகின்றன; பாத்திரத்தைத் தாங்கும் உடம்பைப் பற்றிப் பேசுவது குறைவு.

நம் தமிழ்நாட்டு அரங்கு இதில் மேம்பட்டதா? குற்றாலக் குறவஞ்சியை எடுத்துக்கொள்வோம். திரிகூடராசப்பக் கவிராயர் படைத்த அந்நூலில் குறத்தி தலைநிமிர்ந்து தன் மலையின் வளம் கூறுகிறாள். காதல் நோயுற்ற நாயகிக்குக் குறி சொல்கிறாள். உயர்குடிப் பெண் வசந்தவல்லியைவிடக் குறத்தி சிங்கியின் பேச்சிலேயே கவிராயருக்குச் சுவை மிகுதி என்று துணிந்து கூறலாம். ஆனால் குறவஞ்சி நாடகங்கள் கோயிலிலும் அரண்மனையிலும் ஆடப்பெற்றபோது சிங்கியாக ஆடியவர் தேவதாசியர். 1944-இல் ருக்மிணி தேவி கலாட்சேத்திரத்தின் நாட்டிய நாடகமாக அதனை மேடையேற்றியபோது, நகரத்துப் படித்த குடும்பத்துப் பெண்களுக்கும் குறத்தியாகும் பேறு கிட்டியது. வள்ளி திருமணமோ நம் நாடகக் கொட்டகைகளின் உயிர்நாடி. குறவர் மகளே அதன் தலைவி. வள்ளியாக நடித்துப் புகழ் பெற்றோர் பலரை நாம் அறிவோம். அவ்வேடத்தால் பெயர் பெற்ற குறவர் மகள் ஒருத்தியைச் சொல்லுங்கள் என்றால் நாம் தலைகுனிய வேண்டியிருக்கிறது.

இதன் கடைசி விளைவையும் நாம் கண்டுவிட்டோம். குறவன் குறத்தி ஆட்டம் என்ற பெயரில் கோயில் திருவிழாக்களில் ஆபாச ஆட்டம் நடந்துவந்தது. தம் குலப்பெயரே இழிசொல்லாயிற்று என்று குறவர் சமூகத்தார் நெடுநாள் முறையிட்டனர். வழக்கு உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை சென்றது. 2023-இல் தமிழ்நாட்டு அரசு நாட்டுப்புறக் கலைகளின் பட்டியலிலிருந்து அவ்வாட்டத்தை நீக்கி, அதற்குத் தடையும் விதித்தது. தடை தேவையே. ஆயினும் அது பாதி வேலை என்பதே நம் கருத்து. பொய்க்குறத்தி மேடையிலிருந்து இறங்கிவிட்டாள். மெய்க்குறத்தி இன்னும் ஏறவில்லை.

பிறரைப் பற்றிப் பேசியது போதும். நம்மையே வேடமாக்கிய விழா ஒன்றும் அருகில் இருக்கிறது. சித்தூர்ப் பகவதி கோயிலில் மாசி மாதத்தில் கொங்கன்படை நடைபெறும். முன்னொரு காலத்தில் படையெடுத்து வந்த கொங்கு வேந்தனைப் பகவதியின் துணைகொண்டு சித்தூரார் வென்றனர் என்பது ஐதிகம். அப்போரை ஊரே கூடி நடித்துக் காட்டுகிறது. ஒரு சாரார் கொங்கர் படை, ஒரு சாரார் சித்தூர்ப் படை. முடிவு ஆண்டுதோறும் ஒன்றே. கொங்கன் தோற்றாக வேண்டும். பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்திலிருந்து வந்து இங்கே குடியமர்ந்த குடும்பங்கள் தம் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு அவ்விழாவைக் காண்கின்றன. கொங்கன் என்றால் யார் என்று பிள்ளை கேட்டால் தகப்பன் என்ன சொல்வான்?

இதனால் முகம் சுளிப்போரை நாம் அறிவோம். அவர்களுக்கு ஒன்று நினைவூட்ட விரும்புகிறோம். கொங்கு நாட்டிலிருந்து நாம் நம்முடன் கொண்டுவந்த கதைகளுள் தலையாயது அண்ணன்மார் கதை. உடுக்கை ஒலிக்க, விடியும்வரை பொன்னர் சங்கரைப் பாடுவோம். படுகளத்தில் மக்கள் மருள் வந்து வீழ்வர். அக்கதையில் பகைவர் எவர்? வேட்டுவர். வேட்டுவர் குடும்பத்துப் பிள்ளையும் தகப்பன் தோளில் அமர்ந்து அதனைக் கேட்டிருக்கும் அன்றோ? பொன்னர் சங்கரின் வலக்கையாக நின்று போரிடும் சாம்புகன், தீண்டத்தகாதவர் எனப்பட்ட குலத்தவன். கதைக்குள் அவனுக்கு இருக்கும் இடம் கதை பாடும் களத்தில் அவன் குலத்தாருக்கு எங்கே வைக்கப்பட்டது என்பதை மூத்தவர்கள் அறிவர். ஒவ்வோர் ஊருக்கும் ஒரு கொங்கன் தேவைப்படுகிறான், நமக்கும் தேவைப்பட்டிருக்கிறான்.

இனி, நடிப்பு என்றாலே பிறராதல்தானே, இதில் பிறப்பைத் தேடுவது கலைக்குப் பகையன்றோ என்னும் வினா எழும். நியாயமான வினா. குறவனைக் குறவனே நடிக்க வேண்டும், அரசனை அரசனே நடிக்க வேண்டும் என்றால் நாடகக் கொட்டகைகளைப் பூட்டிவிடலாம். நாம் கூறுவது அதுவன்று. பிறராகும் உரிமை ஒருவழிப் பாதையாக இருத்தல் தகாது என்பதே நம் வழக்கு. அப்பாதையில் எதிர்த்திசையில் நடக்க முயன்றவர்க்கு நேர்ந்ததை மலையாளத் திரையின் முதல் அத்தியாயமே சொல்கிறது.

1920-களின் இறுதியில் ஜே. சி. டேனியல் எடுத்த விகதகுமாரன்தான் மலையாளத்தின் முதல் படம். டேனியல் குமரிமுனைக்கு அருகிலுள்ள அகஸ்தீஸ்வரத்தில் பிறந்தவர். தம் படத்தின் நாயகியாக அவர் தேர்ந்தெடுத்த பி. கே. ரோஸி புலையர் குலத்துப் பெண். தமிழும் மலையாளமும் கலந்து வழங்கும் காக்காரிசி நாடகத்தில் நடித்துப் பழகியவர். அந்நாடகத்தின் நாயகர் ஊர் ஊராய்த் திரியும் காக்கானும் காக்காத்தியும். அவ்வேடத்தில் ரோஸி நின்றபோது எவரும் கல் எறியவில்லை. படத்தில் அவர் ஏற்றதோ சரோஜினி என்னும் நாயர் பெண்ணின் வேடம். திருவனந்தபுரத்தில் படம் திரையிடப்பட்டபோது கூட்டம் கொதித்தெழுந்தது. திரையின்மேல் கற்கள் விழுந்தன. அவர் குடிசை தீக்கிரையாயிற்று. இரவோடிரவாக ஊரைவிட்டு ஓடிய ரோஸி தமிழ்நாட்டுக்கு வந்து, வேறு பெயரில், நடித்த செய்தியையே மறைத்து வாழ்ந்து மறைந்தார். அவர் முகம் பதிந்த அப்படச்சுருளும் இன்று இல்லை. 2013-இல் செல்லுலாய்டு என்னும் படம் வெளிவந்தபின்னரே பலர் அவர் பெயரைக் கேட்டனர்.

நாயர் குறவனாவதைக் கோயிலில் கும்பிட்டுக் கண்ட நாடு, புலைய மகள் நாயர் பெண்ணானதைப் பொறுக்கவில்லை. நம் வாதத்துக்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுமா? எல்லை தாண்டி ஓடிவந்த அப்பெண்ணுக்குத் தமிழ் மேடையும் ஒரு வேடம் தரவில்லை என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

கடல் கடந்த நாடுகளிலும் இக்கதை நடந்தேறியிருக்கிறது. சேக்சுபியரின் ஒத்தெல்லோ கறுப்பன். அவ்வேடத்தை ஆண்டாண்டு காலமாக வெள்ளையர் முகத்தில் மை பூசி நடித்தனர். அமெரிக்காவில் பிறந்த கறுப்பரான ஐரா ஆல்ட்ரிட்ஜ் 1833-இல் லண்டன் மேடையில் அவ்வேடம் ஏற்றார். பத்திரிகைகள் அவரை வசைபாடின, சில நாளில் வாய்ப்பு முடிந்தது. 1930-இல் லண்டனிலும், 1943-இல் நியூயார்க்கிலும் பால் ரோப்சன் ஒத்தெல்லோவாக நின்றார். அதன் பின்னும் 1964-இல் பெருநடிகர் லாரன்ஸ் ஒலிவியர் உடல் முழுதும் கருமை பூசி அதே வேடத்தில் வந்தார். கறுப்பர் இருக்க மை எதற்கு என்று கேட்கும் துணிவு அரங்குக்கு மெதுவாகத்தான் வந்தது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. கறுப்பருக்குக் கறுப்பர் வேடத்தைத் தந்துவிட்டால் போதுமா? கறுப்பின நடிகர் ஹியூ குவார்ஷி, பொறாமையால் அறிவிழந்து மனைவியைக் கொல்லும் அவ்வேடம், கறுப்பர் முரடர் என்னும் பொய்யை உறுதிப்படுத்துமே, அதைக் கறுப்பர் ஏற்கலாமா என்று ஒரு சொற்பொழிவில் வினவியிருந்தார். பின்பு 2015-இல் ஸ்ட்ராட்ஃபோர்டில் அவரே ஒத்தெல்லோவாக நடித்தார். எதிர்நாயகன் இயாகோவாக வந்த லூசியன் எம்சமாட்டியும் கறுப்பர். வஞ்சிப்பவனும் வஞ்சிக்கப்படுபவனும் ஒரே நிறத்தவராயினர். நாடகம் தோலைப் பற்றியது என்பது போய், மனத்தைப் பற்றியது ஆயிற்று. அவரவர்க்கு அவரவர் வேடம் என்று பங்கிட்டுத் தந்துவிடுவது விடுதலை அன்று. எல்லா வேடங்களும் எல்லார்க்கும் திறக்கும்போதே வேடத்தின் களங்கம் கழுவப்படுகிறது. 1985-இல் பீட்டர் புரூக் பிரான்சு நாட்டின் அவிஞோனில் மகாபாரதத்தை மேடையேற்றியபோது, மேற்கு ஆப்பிரிக்கக் கதைப்பாணர் குடியில் பிறந்த சொத்திகி குயாத்தே பீஷ்மராக நின்றார். செனகல் நாட்டவர் வீமன் ஆனார். திரௌபதி மட்டும் நம் மல்லிகா சாராபாய். பாரதத்தை அவர்கள் முழுதும் உணர்ந்தனரா என்பது பற்றி நமக்கு ஐயங்கள் உண்டு. ஆனால் பாணர் குலத்துப் பீஷ்மரை நம் கோயில் விழா மேடைகளில் இன்னும் எத்தனை ஆண்டு தேட வேண்டுமோ என்னும் ஏக்கம் அவ்வையங்களைவிடப் பெரிது.

உள்ளூரில் நம்பிக்கை தரும் செய்திகள் இல்லாமல் இல்லை. கம்பனைப் பகவதி கோயில் கூத்துமாடங்களில் இரவிரவாகப் பாடும் தோல்பாவைக்கூத்து, ஆடவர்க்கே உரியதாக வந்தது. அந்த மரபைக் காத்துவரும் கூனத்தறைக் குடும்பத்தில், பத்மஸ்ரீ விருது பெற்ற ராமச்சந்திரப் புலவரின் மகள் ரஜிதா, 2021-இல் பெண்களே பாவை ஆட்டும் குழு ஒன்றை அமைத்தார். அட்டப்பாடியின் இருளர் குலத்து நஞ்சம்மா, தம் மொழியில் தாமே கட்டிய பாட்டைத் திரைப்படத்தில் பாடி, 2022-இல் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருதை வென்றார். முறையாக இசை பயிலாதவருக்கா இவ்விருது என்று சிலர் குரல் எழுப்பினர். கேரளத்து மக்கள் பெருமளவில் நஞ்சம்மாவின் பக்கம் நின்றனர். அதே இருளர் மொழியில், பழங்குடியினரே நடித்த தபாரி குருவி என்னும் படத்தை இயக்குநர் பிரியநந்தனன் எடுத்தார். தமிழுக்கு நெருங்கிய உறவுடைய அம்மொழி வேடத்தின் மொழியாக அன்றி, வாழ்வின் மொழியாகவே திரையில் ஒலித்தது. குன்றக் குரவையின் வழி முற்றும் அடைபடவில்லை என்று நாம் தேறலாம்.

ஆனால் கோவிந்தாபுரத்துக்குத் திரும்பினால் தேறுதல் குறைகிறது. 2017-இல் இவ்வூர் அம்பேத்கர் காலனியில் வாழும் சக்கிலியர் குடும்பங்கள், தேநீர்க் கடையில் தமக்குத் தனிக் குவளை என்றும், குடிநீர்க் குழாயடியில் தம்மை ஒதுக்குகின்றனர் என்றும் முறையிட்ட செய்தி கேரளம் முழுதும் பேசப்பட்டது. முறையிட்டவர்கள் தமிழறிந்தவர்கள்; ஒதுக்கியதாகச் சுட்டப்பட்டவர்களிலும் தமிழ் பேசுவோர் இருந்தனர் என்பதே நமக்குச் சுடுவது. மலையாள மண்ணில் தமிழனுக்கு இடமில்லை என்று நாம் மேடைதோறும் முழங்குகிறோம். குவளையை வேறாக வைப்பவன் மேடையில் யாரோடு யார் நிற்க வேண்டும் என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்துவிட்டிருக்கிறான்.

ஒரு நிகழ்ச்சியைக் கூறாமல் இக்கட்டுரையை நிறுத்த மனம் வரவில்லை. சில ஆண்டுகளுக்கு முன், எல்லைப்புறத்துச் சங்கம் ஒன்றின் ஆண்டு விழாவுக்கு அரிச்சந்திரன் நாடகம் என்று முடிவாயிற்று. வேடங்களைப் பங்கிடும் நாளில் நாமும் அங்கிருந்தோம். அரிச்சந்திரன் வேடம் பொறுப்பாளர் ஒருவருக்கு. சந்திரமதி அவர் உறவினர் வீட்டுப் பெண்ணுக்கு. விசுவாமித்திரர் ஓர் ஆசிரியருக்கு. சுடலைக்கு உரியவனாகிய வீரபாகு வேடம் வந்தபோது எவரும் அதிகம் யோசிக்கவில்லை. காலனியிலிருந்து வந்து பந்தல் வேலைக்கு உதவிக்கொண்டிருந்த ஒருவரை அழைத்து, உங்களுக்கு முகம் பொருத்தமாக இருக்கிறது என்றனர். அவர் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். நாமும் சிரித்தோம், அதனை இன்று எழுதவே கை கூசுகிறது.

ஒத்திகை தொடங்கியபின் ஒன்று தெரியவந்தது. அரிச்சந்திரனாக நடித்தவர் மயான காண்டத்துப் பாட்டுகளில் அடிக்கடி அடி தவறினார். தவறும்போதெல்லாம் மேடை ஓரத்திலிருந்து அடுத்த அடி மெல்லிய குரலில் வரும். அவர் பாடியது சுருதி பிசகாத குரல். அவர் தகப்பனார் தெருக்கூத்தில் பின்பாட்டுப் பாடியவராம். அரிச்சந்திரன் நாடகம் முழுதும் அவருக்கு மனப்பாடம். யாராவது அவரிடம் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். எவரும் கேட்கவில்லை. விழா இரவில், அரசு இழந்து மகன் உடலுக்குக் கூலி கேட்கும் மன்னன் அவையோர்முன் தடுமாறி நிற்க, வீரபாகுவின் கோலத்தில் நின்ற அம்மனிதர் முதுகைத் திருப்பிக்கொண்டு அவனுக்கு வரிகளை எடுத்துக்கொடுத்தார். முன்வரிசையில் இருந்தவர்கள் அரிச்சந்திரனுக்குக் கை தட்டினர். காலனியிலிருந்து வந்த குடும்பங்கள் பந்தலின் பின்புறம் நின்றபடி பார்த்தன. நாற்காலிகள் அவ்வளவு தூரம் போடப்படவில்லை.

வரும் ஆண்டு விழாவுக்கும் அதே நாடகம்தான் என்று அச்சங்கத்தார் நமக்கு எழுதியிருக்கின்றனர். வேடங்கள் இன்னும் பங்கிடப்படவில்லையாம். அவர் இப்போது முதலமடையில் ஒரு மாந்தோப்பில் காவல் வேலையில் இருக்கிறார் என்று பதில் எழுதியிருக்கிறோம்.